புளி போட்டு விளக்கிய தோட்டாக் கூடுகள்

ஜப்பான்காரன் காலத்தில் எங்கள் ரப்பர் தோட்டத்து லயக் குடியிருப்புக்குச் சோறு போட்டது மரவள்ளிக்கிழங்கு. சோறு என்று பழக்கத்தில் சொல்கிறேன், அரிசியைக் கண்ணில் பார்த்தே வெகுநாளாகியிருந்தது. பால்மரங்களுக்கு நடுவே மண் தெரிந்த இடமெல்லாம் கிழங்கு நட்டிருந்தோம். பொழுது சாய்ந்தால் காட்டுப்பன்றிகள் குடும்பத்தோடு விருந்துக்கு வந்துவிடும். வெள்ளைக்காரத் துரை வேட்டைக்குப் போகும்போதெல்லாம் கூடப் போனவன் நான். அதனால் புதிதாக வந்த ஜப்பானிய மேலாளர், துரை விட்டுவிட்டு ஓடிய ரைபிளை என் கையில் கொடுத்துப் பன்றியைச் சுடச் சொன்னார். சொன்னார் என்பது மரியாதைக்கு எழுதுவது. கத்தினார்.

துரை தோட்டாவைத் தானே அடைத்துக்கொள்ளும் பழக்கம் உள்ளவர். வெடிமருந்து, குண்டு, மருந்தைப் பற்றவைக்கக் கூட்டின் அடியில் செருகும் கேப்பு, அடைக்கிற கருவி எல்லாம் பங்களா அலமாரியில் அப்படியே இருந்தன. புதுக் கூடுகள்தான் இல்லை. சுட்டு முடித்த பழைய பித்தளைக் கூடுகள் ஒரு பிஸ்கட் டின் நிறையக் கிடந்தன. சுங்கைப் பட்டாணி சாலையோரம் பட்டாளத்தார் சுட்டுவிட்டுப் போன கூடுகளையும் ஆசையாகப் பொறுக்கி வந்தேன். அவற்றின் அடிப்பாகம் வேறு மாதிரி. துரையின் கேப்பு அதில் உட்காரவே மாட்டேன் என்றது. அந்த டின்னை விட்டால் எனக்கு வேறு கதி இல்லை.

கூட்டை மறுபடி அடைப்பது பெரிய வித்தை இல்லை. எந்தக் கூட்டை அடைப்பது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ஒவ்வொரு முறை சுடும்போதும் பித்தளை கொஞ்சம் நீண்டு, அடிக்குச் சற்று மேலே மெலிந்துபோகும். மெலிந்த இடத்தில் வெளிப்புறம் ஒரு கோடு வளையமாகப் பளபளக்கும். அதைக் கவனிக்காமல் அடைத்துச் சுட்டால் கூடு இரண்டாகப் பிய்ந்து, நெருப்பு பின்பக்கமாக முகத்துக்கு வரும். துரையின் சிநேகிதர் ஒருவருக்கு அப்படித்தான் வலது கண் போயிற்று. நான் பக்கத்தில் நின்றிருந்தேன். அவர் அலறியிருந்தால்கூடத் தேவலை. சத்தமே போடாமல் கையால் முகத்தைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அந்த நினைப்போடுதான் காலையில் ஒவ்வொரு கூடாக வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தேன். வாய் பிளந்ததையும் வளையம் விழுந்ததையும் தேங்காய்ச் சிரட்டையில் தள்ளினேன். நல்லவை டின்னின் கழுத்து வரை தேறின. மனம் நிறைந்து, கிழங்குக் காட்டு வேலியைப் பார்க்கப் போனேன்.

அன்று வெள்ளிக்கிழமை. எங்களுக்குக் கல்யாணமாகி அதிக காலம் ஆகவில்லை. என் மனைவி கொண்டு வந்த குத்துவிளக்கு, செம்பு, தாம்பாளம் எல்லாம் அரிசிக்கும் உப்புக்கும் போய்விட்டன. வெள்ளிதோறும் பித்தளை விளக்கிய கை சும்மா இருக்குமா? நான் திரும்பி வந்தபோது, வாசலில் முறம் நிறையக் கூடுகள் வெயிலில் தகதகவென்று காய்ந்துகொண்டிருந்தன. டின்னும் காலி, சிரட்டையும் காலி.

"யாரு உன்ன இதத் தொடச் சொன்னது?"

"களிம்பு புடிச்சுக் கெடந்துச்சுங்க. வெள்ளிக்கெழமையாச்சேன்னு புளியும் சாம்பலும் போட்டு வெளக்குனேன்."

நல்லது கெட்டது எல்லாம் கலந்து, ஒன்று போல மின்னின. வளையம் ஒன்றில்கூடத் தெரியவில்லை. நான் போட்ட சத்தம் அடுத்த லயம் வரை கேட்டிருக்கும். ஒரு கூடு தப்பினால் என் கண் போகும் என்று அவளிடம் சொன்னேன். சொல்லியிருக்க வேண்டாம். அவள் முகம் வெளிறிப் போனது. அடுப்படிக்குப் போய்விட்டாள்.

மிச்சம் இருந்தது ஒரே வழி. மெல்லிய கம்பியின் நுனியை வளைத்து, கூட்டுக்குள் விட்டு அடியிலிருந்து மேலே இழுக்க வேண்டும். உள்ளே மெலிந்திருந்தால் கம்பி அந்தப் பள்ளத்தில் தட்டும். பொறுமையைச் சோதிக்கிற வேலை. துரையும் நானும் சந்தேகமான கூட்டுக்கு மட்டும்தான் அதைச் செய்வோம். இப்போது எல்லாமே சந்தேகம். மனைவியை மனதுக்குள் திட்டிக்கொண்டே ஒவ்வொன்றாக இழுத்தேன்.

முடித்துவிட்டுப் பார்த்தால், தேறியவை டின்னில் பாதிக்குக்கூட வரவில்லை.

காலையில் அது கழுத்து வரை இருந்ததே! அப்படியானால் கண்ணால் பார்த்து நல்லது என்று நான் போட்டவற்றிலும் உள்ளே மெலிந்தவை இருந்திருக்கின்றன. அவள் விளக்காமல் இருந்திருந்தால் அவற்றைத்தான் அடைத்து எடுத்துப் போயிருப்பேன். உடனே போய் அவளிடம் சொல்லியிருக்கலாம். அவ்வளவு கத்தியவனுக்கு அத்தனை சீக்கிரம் வாய் வருமா? தேறியதில் ஐந்தை அடைத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

வெளிச்சம் மங்கும் முன்பே பன்றிகள் வந்தன. பெரியதைக் குறிவைத்து விசையை அழுத்தியபோது, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், ஒரு நொடி கண்ணை மூடிக்கொண்டேன். சத்தம் கேட்டது. முகத்தில் ஒன்றும் படவில்லை. பன்றி சரிந்து கிடந்தது. நான் அதன் பக்கம் போகவில்லை. சூடாக வெளியே விழுந்த கூட்டை எடுத்துத் தடவிப் பார்த்தேன். முழுசாக இருந்தது. அங்கேயே உட்கார்ந்து சிரித்தேன்.

லயத்துக்குத் திரும்பும் வழியிலேயே அவள் ஓடி வந்தாள். பன்றி விழுந்ததா என்று கேட்கவில்லை. என் முகத்தை இரண்டு கையாலும் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பி, இந்தக் கண்ணைப் பார்த்தாள், அந்தக் கண்ணைப் பார்த்தாள். அப்புறம்தான் அழுதாள்.

"இனிமே இந்தக் கையால பித்தளையத் தொட மாட்டேன்னு சாமிகிட்டச் சொல்லிட்டேங்க."

அந்த டின் பாதியாய்ப் போன கதையை அப்போதுதான் அவளுக்குச் சொன்னேன். நம்பாமல் பார்த்தாள்.

"சாமிகிட்ட நான் சொல்லிக்கிறேன்," என்றேன். "நீ வெளக்கு புள்ள. ஒண்ணு விடாம வெளக்கு."