எங்கள் ஊர் சென்னையாக நடித்த ஞாயிற்றுக்கிழமை

சலூன் நாற்காலியில் பாதி முகம் நுரையோடு உட்கார்ந்திருப்பவனால் எழுந்து ஓட முடியாது. போன வாரம் அந்த நிலைமையில்தான் மாட்டிக்கொண்டேன். மூலையில் மாட்டியிருந்த டிவியில் மத்தியானப் படம் ஓடிக்கொண்டிருந்தது. நான் அதைக் கவனிக்கவே இல்லை. திடீரென்று வரிசை வரிசையாகத் தையல் மெஷின்கள் வந்தன, நடுவில் கதாநாயகி. எனக்கு உடம்பு தூக்கிப்போட்டது. சவரம் செய்துகொண்டிருந்த பீகார்க்காரர் பதறி, "அண்ணா, ஆடாதே! கத்தி, கத்தி!" என்று தோளை அமுக்கினார். பிறகு அவரும் டிவியைப் பார்த்தார்.

"சென்னையா அண்ணா?" என்றார்.

பதில் சொல்ல எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. அந்த நேரத்துக்குள் எனக்குள் ஓடியதையெல்லாம் உங்களிடம் கொட்டிவிடுகிறேன். இருபது வருஷமாக யாரிடமும் சொல்லாதது. என் மனைவியிடம்கூட முக்கால்வாசிதான் சொல்லியிருக்கிறேன்.

முதலில் சினிமாக்காரர்களோடு எனக்கு இருக்கும் பழைய வழக்கைச் சொல்லிவிட வேண்டும். அவர்களுக்கு எங்கள் திருப்பூர் என்றால் ஓடிப்போகிறவர்கள் இறங்கும் ஊர். காதல் ஜோடி ஓடினால் திருப்பூர் பஸ், வீட்டில் கோபித்துக்கொண்டால் திருப்பூர் பஸ். அடுத்த காட்சியில் ஒரு பனியன் கம்பெனி, கண்ணை உருட்டும் ஒரு சூப்பர்வைசர், ஒரு ஒற்றை அறை, ஒரு மண்ணெண்ணெய் ஸ்டவ். அதற்கடுத்த காட்சியில் யாராவது அரிவாளோடு வந்து இறங்குவார்கள். நானும் சூப்பர்வைசராக இருந்தவன்தான். கண்ணை உருட்டினால் எங்கள் தையல் லைனில் இருந்த பெண்கள் சிரித்தே என்னை ஊரைவிட்டுத் துரத்தியிருப்பார்கள். காலை எட்டே காலுக்குக் கம்பெனி வேனில் இடித்துக்கொண்டு உட்கார்ந்து தலைபின்னிக்கொண்டே வரும் கூட்டத்தை எந்தப் படத்திலும் நான் பார்த்ததில்லை. அயர்ன் டேபிளில் ஆவி பட்டதும் புதுத்துணியிலிருந்து ஒரு வாசனை கிளம்பும், அதை எப்படித்தான் காட்டுவார்கள், பாவம். நொய்யல் ஆற்றில் சாயத் தண்ணீர் என்ன நிறத்தில் போகிறது என்று பார்த்து இந்த வாரம் ஊருக்கு என்ன கலர் ஆர்டர் என்று நாங்கள் கேலி பேசுவோம். அது கேலிதான். அந்தத் தண்ணீர் இறங்கிய கிணறுகளை வைத்திருந்தவர்கள் கேலி பேசவில்லை.

இரண்டாயிரத்துச் சொச்சத்தில் ஒரு நாள் முதலாளி என்னை ஆபீஸ் ரூமுக்குக் கூப்பிட்டார். அவருடைய மச்சான் வழியில் யாரோ ஒரு தயாரிப்பாளரைத் தெரியுமாம்.

"ஏப்பா, ஞாயித்துக்கெழம நம்ம கம்பெனில ஷூட்டிங்காமா. நீ கூட இருந்து பாத்துக்க. கதை மெட்ராசுல நடக்குதாமா, அதனால ஊரு பேரு எங்கியும் வந்துரக் கூடாதுன்றாங்க. நமக்கும் அது நல்லதுதான். சரக்கு வாங்கற வெளிநாட்டு பையர் எவனாச்சும் பாத்துப்போட்டான்னா ஆயிரம் கேள்வி கேப்பான்" என்றார்.

"செரிங்க" என்றேன். அன்றைக்கு எனக்கு இருபத்து நான்கு வயது. உங்களிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது, எனக்குச் சினிமாவில் சேர வேண்டும் என்று ஒரு கிறுக்கு இருந்தது. நடிப்பதற்கு இல்லை, மூஞ்சியைக் கண்ணாடியில் பார்த்திருக்கிறேன். வாக்கிடாக்கியைப் பிடித்துக்கொண்டு அங்கும் இங்கும் ஓடுவார்களே, அந்த வேலைக்கு.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு கூத்து நடந்தது. "எப்பவும் போல வேலைக்கு வர்ற மாதிரி வாங்க" என்று நான் லைன் முழுக்கச் சொல்லியிருந்தேன். கேமரா வருகிறது என்றால் எவர்தான் எப்பவும் போல வருவார்கள்? பட்டுப்புடவை, தலை கொள்ளாத மல்லிகை, கட்டிங் மாஸ்டர் கல்யாணத்துக்கு எடுத்த கோட். இயக்குநர் வாசலில் நின்று பார்த்துவிட்டு, "யாருக்குப்பா கல்யாணம்?" என்று கேட்டார். உதவி இயக்குநர் ஒருவர் ஓவர்லாக் மெஷினுக்கு அடியில் சேர்ந்திருந்த பஞ்சுத் தூசியை அள்ளி வந்து எல்லார் தலையிலும் தோளிலும் தூவினார். "ஏழையா தெரியணும், ஏழையா தெரியணும்" என்று சொல்லிக்கொண்டே தூவினார். நிஜமாகவே அந்த மெஷினில் உட்கார்ந்து வயிறு கழுவுகிறவர்களைத் தொழிலாளிகள் மாதிரி ஆக்குவதற்கு ஒரு மணி நேரம் பிடித்தது.

அவர்களில் ஜெசிந்தா அக்கா ஒருத்திதான் சாதாரண நைலக்ஸ் புடவையில் வந்திருந்தாள். திருச்செந்தூர்ப் பக்கத்து ஊர்க்காரி, ஓவர்லாக் டெய்லர், வரிசையில் மூன்றாவது மெஷின். முப்பத்தைந்து வயதிருக்கும். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கேட்டால், "அதுக்கு ஒரு ஆளு வரணும்லா தம்பி" என்பாள். மாப்பிள்ளையைச் சொல்கிறாள் என்று நான் நினைத்திருந்தேன். அவள் சொன்னது தன் தம்பியை.

பதினொரு மணி டீக்கு லைட்டையெல்லாம் அணைத்த நேரத்தில் என்னை ஓரமாகக் கூப்பிட்டுச் சொன்னாள். தம்பி பெயர் சேவியர். சினிமாப் பைத்தியம். பத்தாவது பரீட்சை அன்றைக்குப் பரீட்சைக்குப் போகாமல் படத்துக்குப் போய்விட்டான். தெருவில் எல்லாரும் பார்க்க அக்கா அவனைச் செருப்பால் அடித்திருக்கிறாள். அன்று சாயங்காலம் போனவன்தான். அதற்குப் பிறகுதான் இவள் திருப்பூருக்கு வந்தது.

"ஊருக்குப் போவ அவனுக்கு மூஞ்சி இல்ல தம்பி. அப்பாவும் வாசப்படிய மிதிக்கப்படாதுன்னுட்டாவ. ஆனா நான் தனியா இங்கன இருக்கேன்னு தெரிஞ்சா வந்துருவான். அடிச்சவ நாந்தான, என்னத் தேடித்தான் வருவான். அவன் எங்க கெடந்தாலும் படம் பாக்காம இருக்க மாட்டான். தெரையில ஒரு எழுத்து வந்தாக்கூட விடாம வாசிப்பான்."

சொல்லிவிட்டுத் தன் மெஷினைக் காட்டினாள். நூல் கோன்கள் நிற்கும் கம்பியில் ஒரு மஞ்சள் பை தொங்கியது. ஜவுளிக்கடையில் கொடுத்த பை. கடைக்காரருக்குச் சிக்கனம், ஒரு பக்கம் மட்டும்தான் அச்சடித்திருந்தார். கடைப் பேருக்குக் கீழே கொட்டை எழுத்தில் திருப்பூர்.

"நீ கண்டுக்காத, என்ன?" என்றாள்.

"செரிங்க்கா" என்றேன். தலையை வேறு ஆட்டினேன். அந்தத் தலையாட்டல் இன்னும் எனக்குக் கழுத்தில் வலிக்கிறது.

காலையிலிருந்தே நான் நன்றாகத்தான் வேலை பார்த்திருந்தேன். காலண்டர்களைக் கழற்றினேன், அட்டைப் பெட்டிகளில் இருந்த விலாசத்தின்மேல் தாள் ஒட்டினேன், ஜன்னலுக்கு வெளியே டவுன் பஸ் தெரிகிறது என்று திரை போட்டேன். எங்கள் ஊர் கொஞ்சம் கொஞ்சமாகச் சென்னை ஆகிக்கொண்டிருந்தது. அந்த உதவி இயக்குநர் என் முதுகில் தட்டி, "ஷார்ப்பா இருக்கீங்க பாஸ். இங்க ஏன் கெடக்குறீங்க? சென்னைக்கு வாங்க, புரொடக்‌ஷன்ல சேத்து விடுறேன்" என்று சொல்லியிருந்தார். ஒரு சீட்டில் செல் நம்பரும் எழுதிக் கொடுத்திருந்தார். அந்தச் சீட்டு என் சட்டைப் பையில் சுட்டுக்கொண்டே இருந்தது.

டீ முடிந்து லைட் போட்டார்கள். கதாநாயகி இரண்டாவது மெஷினில் உட்கார்ந்தாள், அவளுக்குப் பின்னால் அக்கா. கேமராமேன் பார்த்துவிட்டுச் சரி என்றார். உதவி இயக்குநர் கடைசியாக ஒரு தடவை சுற்றிப் பார்த்துவிட்டு என்னிடம், "எல்லாம் கிளீன்தானே பாஸ்?" என்றார். முதலாளியும் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். அக்கா எழுந்து போய், தலையில் விழுந்த பஞ்சைச் சரிசெய்துவிட யாரிடமோ தலையைக் குனிந்து காட்டிக்கொண்டிருந்தாள். நான் நாலே எட்டில் மூன்றாவது மெஷினுக்குப் போனேன். பையைத் திருப்பிவிட்டேன். எழுத்து சுவரைப் பார்த்தது. திரும்பி வந்து, "கிளீன்" என்றேன்.

அவ்வளவுதான். ஒரு பையைத் திருப்ப எவ்வளவு நேரம் ஆகும்? கழற்றி மேஜைக்கு அடியில் போட்டிருந்தால் அக்கா வந்து உட்காரும்போதே பார்த்திருப்பாள், சண்டை போட்டிருப்பாள், இயக்குநரின் காலில்கூட விழுந்திருப்பாள். நான் அந்த மரியாதையையும் அவளுக்குக் கொடுக்கவில்லை. வந்து உட்கார்ந்தவள் கேமராவையே பார்த்துக்கொண்டிருந்தாள். பார்க்கக் கூடாது என்று மூன்று முறை சொன்னார்கள். நான்காவது டேக்கிலும் பார்த்தாள். அதைத்தான் படத்தில் வைத்தார்கள்.

படம் வந்தது. ஒரு ஞாயிறு மேட்னிக்குக் கம்பெனியே தியேட்டருக்குத் திரண்டது. "சென்னை" என்று எழுத்துப் போட்டு எங்கள் லைனைக் காட்டியதும் தியேட்டர் குலுங்கியது. கதாநாயகி சோகமாக மெஷினைக் காலால் மிதித்து மிதித்துத் தைத்தாள். வீட்டுத் தையல் மெஷினை மிதிக்கிற மாதிரி! பவர் மெஷினில் கால் நுனி பட்டாலே துணி ஓடிவிடும். ஊரே டெய்லர்கள், விடுவார்களா? அவள் கண்ணீர் விட விட ஜனங்கள் சிரித்தார்கள். "அம்மிணி, மெதுவா மிதி, பெல்ட்டு அந்துரும்!" என்று எவரோ கத்தினார்கள். எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. சீட் நுனியில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தேன். முன்னால் இருந்தவர் திரும்பி முறைத்தார்.

மூன்று விநாடி. அக்காவின் முகம் நன்றாகவே தெரிந்தது, நேராக நம்மைப் பார்த்தது. பக்கத்தில் ஒரு மஞ்சள் பை, எழுத்தே இல்லாமல்.

அவள் அந்தப் படத்தை ஆறு தடவை பார்த்தாள். ஒரு தடவை வேறு பக்கமிருந்து பார்த்தால் எழுத்து தெரியுமோ என்று ஓரத்து சீட்டில் உட்கார்ந்து பார்த்தாளாம். இதை அவளே சொன்னபோது நான் டீ டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஃபேன் காத்துல திரும்பிட்டு போல தம்பி" என்றாள். நான் டம்ளரைக் கழுவ எழுந்து போனேன்.

உதவி இயக்குநரின் நம்பருக்கு நாலைந்து முறை போன் செய்தேன். முதல் தடவை "யாரு?" என்றார். அதற்குப் பிறகு எடுக்கவில்லை. என்னை விற்றிருந்தாலும் பரவாயில்லை, நான் இன்னொருத்தியை விற்றிருந்தேன், அதுவும் இந்த விலைக்கு.

சில வருஷம் கழித்து ஆர்டர் குறைந்து எங்கள் லைனை நிறுத்தினார்கள். அக்கா ஊருக்குப் போய்விட்டாள். நான் வேறு கம்பெனியில் ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர் ஆகியிருந்தேன். ஒரு நாள் மத்தியானம் ஷிப்மெண்ட் அவசரத்தில் ஓடிக்கொண்டிருந்தபோது போன் வந்தது.

"தம்பி, நான் ஜெசிந்தா பேசுதேன். சேவியரு வந்துட்டான்!"

எனக்கு முதலில் சந்தோஷம்தான் வந்தது, நம்புங்கள். படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

"அப்பா அடக்கத்துக்கு வந்தாம் தம்பி. பேப்பர்ல பாத்துட்டு ஆரோ சொல்லியிருக்காவ. நான் சொன்னேம்லா, படத்தப் பாத்திருக்கான்! நாலு தடவ பாத்திருக்கான். நான் மெட்ராசுல இருக்கேன்னு நெனச்சுட்டு அங்க போயிருக்கான். கிண்டி, அம்பத்தூருன்னு ஒவ்வொரு எக்ஸ்போர்ட் கம்பெனி வாசல்லயும் நின்னு கேட்டிருக்கான் தம்பி, ரெண்டு வருசம்." அழுதாள், சிரித்தாள், எது எது என்று பிரிக்க முடியவில்லை. "அப்பாதான் கடைசி வரைக்கும் அவம் பேரச் சொல்லிட்டே கெடந்தாவ. ஒரு தடவ பாத்திருக்கலாம்."

போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டேன்.

"அந்தப் பை மட்டும் திரும்பாம இருந்திருந்தா... ஃபேன் காத்துதான, என்ன தம்பி?"

அவள் சந்தேகப்பட்டுக் கேட்டாளா, சும்மா கேட்டாளா, இன்றுவரை எனக்குத் தெரியாது. உண்மையைச் சொல்ல அதைவிட நல்ல சந்தர்ப்பத்தை எவரும் ஏற்படுத்திக் கொடுக்க மாட்டார்கள்.

"ஆமாங்க்கா" என்றேன். "ஃபேன் காத்துதானுங்க."

அந்த போன் தொலைந்தது, நம்பரும் அதோடு போயிற்று. அவளுடைய ஊர் தெரியும். திருச்செந்தூருக்குத் திருப்பூரிலிருந்து நேர் பஸ்ஸே இருக்கிறது. நான் போகாததற்கு பஸ் காரணம் இல்லை. கம்பெனிக் கட்டடத்தை இடித்துவிட்டு அந்த இடத்தில் டைல்ஸ் ஷோரூம் கட்டியிருக்கிறார்கள். தியேட்டர் பார்சல் குடோன் ஆகிவிட்டது. முதலாளி காலமாகிவிட்டார். அந்த மூன்றாவது மெஷின் எந்தக் காயலான் கடைக்குப் போனதோ. எங்கள் லைன் இப்படி இருந்தது என்று காட்ட என்னிடம் ஒரு போட்டோகூடக் கிடையாது. எல்லாம் அந்தப் படத்தில்தான் இருக்கிறது, சென்னை என்ற பெயரில்.

சலூனில் அந்தக் காட்சி முடியப் போகிறது என்று தெரிந்தது. கதாநாயகி மிதித்துக்கொண்டிருந்தாள். பின்னால் அக்கா நிமிர்ந்து பார்த்தாள், மஞ்சள் பையும் வந்தது.

"சென்னை தானே அண்ணா?" என்று பீகார்க்காரர் மறுபடியும் கேட்டார்.

"இல்லீங்க" என்றேன். "திருப்பூருங்க. இதே ஊருதான்."

அவர் சிரித்தார். "நான் பத்து வருசம் திருப்பூர், அண்ணா. எல்லா ரோடும் தெரியும். இந்த இடம் திருப்பூர்ல இல்லே."

"இருந்துச்சுங்க" என்றேன்.

அவர் அதை நம்பவில்லை. இன்னொரு கன்னம் பாக்கியிருந்தது. தாடையைப் பிடித்து என் முகத்தைச் சுவர்ப் பக்கமாகத் திருப்பி வைத்தார்.