முப்பிடாதியின் வலது கண்

குற்றால அருவிக்கரையில் எண்ணெய் தேய்த்துவிடும் முப்பிடாதிக்கு இடது கண் சின்ன வயதிலேயே அம்மையில் போய்விட்டது. பிறகு வலது கண்ணில் நெல் உமி பட்டுப் புண்ணாகி, கருவிழி வெள்ளை பூத்தது. 1963-இல் மெட்ராஸ் ஆஸ்பத்திரியில், இறந்துபோன யாரோ ஒருவரின் கருவிழிச் சவ்வை எடுத்து அதில் வைத்துத் தைத்தார்கள். தென்காசிப் பக்கம் அதெல்லாம் கேள்விப்படாத காரியம்.

கட்டுப் பிரித்ததும் மனைவி மாரித்தாயின் முகம் தெரிந்தது. "மெலிஞ்சிட்டியேட்டி" என்று அழுதார்.

டாக்டர் எச்சரித்தார்: "இது வேற ஒருத்தரோட சதை. உங்க உடம்பு இதை விரட்டத்தான் பாக்கும். இந்தச் சொட்டு மருந்துதான் அதை அடக்கி வைக்கும். நான் சொல்லாம நிறுத்தக்கூடாது."

ஊர் திரும்பியபின் மாரித்தாய் தவறாமல் மருந்து விட்டாள். சாரல் தொடங்கி அருவிக்கரையில் கூட்டம் நெரியும்போது குப்பி தீர்ந்தது. தென்காசிக் கடைகளில் கிடைக்கவில்லை.

"புண்ணுதான் ஆறிட்டுல்லா. சீசன் முடியட்டும், திருநெல்வேலியில போயி வாங்குவோம்" என்று முப்பிடாதி வேலைக்குப் போய்விட்டார்.

ஒருநாள் காலையில் அருவிக்குப் போகும் வழியில் சொன்னார்: "இன்னைக்கு என்ன இப்படி மூட்டமா இருக்கு? மலையே தெரியல."

எண்ணெய்க் கிண்ணத்தோடு கூட நடந்த மாரித்தாய் நின்றுவிட்டாள்.

"என்ன சொல்லுதிய? சுள்ளுனு வெயிலுல்லா அடிக்குது."

கண்ணைக் கசக்கப் போன அவர் கையை அவள் எட்டிப் பிடித்தாள். கண் ரத்தமாகச் சிவந்து கிடந்தது.

"செத்தவன் திருப்பிக் கேக்கானாட்டி?"

"சும்மா இருங்க" என்றாள். அப்படியே அவரைத் தென்காசிக்குக் கூட்டிப்போனாள்.

தென்காசியில் கண் டாக்டர் காந்திமதிநாதன் விளக்கடித்துப் பார்த்தார். "மருந்த நிறுத்தினீரா? உடம்பு சவ்வை விரட்ட ஆரம்பிச்சிட்டு. கண்ணுலயே ஊசி போடணும். பொழைக்குமான்னு இப்ப சொல்ல முடியாது."

ஊசி நெருங்கியபோது முப்பிடாதி கத்திவிட்டார். மாரித்தாய் அவர் தலையை மார்போடு அழுத்திப் பிடித்துக்கொண்டாள். சொட்டு மருந்தைத் திருநெல்வேலியிலிருந்து டாக்டரே பஸ்ஸில் வரவழைத்தார்.

சிவப்பு மெல்ல மெல்ல வடிந்தது. மூட்டம் பாதிதான் விலகியது. ஆள் தெரியும், முகம் கிட்டத்தில் தெரியும். அது போதுமென்று மறுபடி அருவிக்கரைக்குப் போனார்; மருந்தை அதன்பின் ஒருவேளைகூடத் தவறவிட்டதில்லை.

இருட்டைப் பார்த்தால் கண்தான் போய்விட்டதோ என்ற பயம் மட்டும் போகவில்லை. விழிப்பு வந்தாலும் கண்ணைத் திறக்க மாட்டார். படுத்தபடியே கேட்பார்:

"விடிஞ்சிட்டாட்டி?"

"விடிஞ்சிட்டு. தொறங்க" என்று மாரித்தாய் சொன்ன பிறகுதான் இமையைப் பிரிப்பார்.