இட்டேரியில் ஒரு தடவை

அந்தக் கார் எங்கள் வீட்டுக்கு வந்தபோது அதன் பின்சீட்டில் ஒரு கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. இங்கிலாந்தில் செய்த பழைய வண்டி. திருப்பூர்ப் பக்கம் ஒரு பஞ்சுக் கிடங்கில் வருடக்கணக்காகக் கேட்பாரற்று நின்றதை என் கணவர் டிராக்டரில் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு வந்தார். சோமனூருக்குப் பக்கத்தில் எங்களுக்கு விசைத்தறி இருந்தது. தறிக்குடோனை ஒட்டி, நூல் மூட்டை போட்டுவைக்கும் ஒரு செட். மூட்டைகள் வாசலுக்கு வந்தன, கார் உள்ளே போயிற்று.

“ஏனுங்க, இதுக்கு ஒரு எருமையை வாங்கியிருந்தா பாலாச்சும் குடுக்குமுங்க” என்றேன்.

“இதும் ஓடும் அம்மணி. கொஞ்சம் பொறு” என்றார்.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. பிள்ளைகள் இருவரும் வெளியூரில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தார்கள். மற்ற வீட்டு ஆண்கள் சாயங்காலமானால் சீட்டாடப் போவார்கள், அரசியல் பேசப் போவார்கள். இவர் காருக்கு அடியில் போவார். சாப்பிடக் கூப்பிட்டால் இரண்டு கால் மட்டும் வெளியே தெரியும், “வாரேன்” என்று குரல் வரும், ஆள் வரமாட்டார். எனக்குச் சக்களத்தி இல்லாத குறையை அந்த வண்டி தீர்த்து வைத்தது. ஆனால் எரிச்சலாக இருந்ததே தவிர, கவலையாக இருந்ததில்லை. கவலை பின்னால் வந்தது.

ஒரு நாள் கார்பரேட்டரைக் கழற்றும்போது ஒரு சின்னத் திருகாணி கையில் இருந்து நழுவி விழுந்தது. கண்முன்னால்தான் கிடந்தது. அவர் அதைச் சுற்றிச் சுற்றித் தடவிக்கொண்டிருந்தார். நான் எடுத்துக் கொடுத்தேன். “வெளிச்சம் பத்தலை” என்றார். அப்போது நடுமத்தியானம்.

சர்க்கரை அவருக்கு ரொம்ப நாளாகவே உண்டு. அது கண்ணுக்குள் போய் உட்காரும் என்று எங்களுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. கோயமுத்தூரில் பெரிய டாக்டரிடம் காட்டினோம். கண்ணில் சொட்டு மருந்து விட்டு, விளக்கு அடித்துப் பார்த்து, அவர் பொறுமையாகத்தான் சொன்னார்.

“போன பார்வை திரும்பாதுங்க. மிச்சம் இருக்கறதைக் காப்பாத்தப் பாக்கலாம். எத்தனை நாளைக்கு இருக்குமுன்னு என்னால சொல்ல முடியாதுங்க.”

ஊருக்குத் திரும்பும் பஸ் கருமத்தம்பட்டி தாண்டி சோமனூர் ரோட்டில் இறங்கியதும் இவர் சொன்னார்.

“அந்தக் காரை ஒரு தடவை நானே ஓட்டிப் பாக்கோணும் அம்மணி. அதுக்குள்ள முடிச்சுப்போடோணும்.”

“எங்கீங்க ஓட்டுவீங்க? லாரி வர்ற ரோட்டுலயா?”

“மெயின்ரோடு வேண்டாம். நம்ம இட்டேரியிலயே மேட்டுத்தோட்டம் வரைக்கும் போய்ப்போட்டு வந்தர்றேன். அது போதும்.”

இட்டேரி என்றால் இரண்டு பக்கமும் வேலியிட்ட வண்டித்தடம். எங்கள் செட்டில் இருந்து நேராக அதில்தான் இறங்க வேண்டும். ஆடு மாடு தவிர எதிரில் எதுவும் வராது. நான் சரி என்றேன். வேறு என்ன சொல்ல முடியும்? வண்டியை விற்றுத் தொலைக்கச் சொல்லி நச்சரித்த அதே வாயால் அன்றைக்கு, “சீக்கிரம் முடிங்க” என்றேன்.

இன்னொன்றும் கேட்டுக்கொண்டார். கண் விஷயம் சொந்தக்காரர் யாருக்கும் தெரியக் கூடாது. “தெரிஞ்சா பழத்தைத் தூக்கிட்டு வண்டி கட்டிட்டு வந்துருவாங்க. உசுரோட இருக்கறவனுக்குத் துக்கம் விசாரிப்பாங்க” என்றார். பிள்ளைகளிடம்கூட நான் சொல்லவில்லை.

அவர் வேலை செய்யும் முறையை இங்கே சொல்லியாக வேண்டும். தறியைப் பிரித்து மாட்டுகிற ஆட்கள் எல்லாருக்கும் உள்ள பழக்கம்தான் அது. தரையில் பழைய செய்தித்தாளை விரித்து, கழற்றுகிற சாமானை எல்லாம் கழற்றிய வரிசையிலேயே இடமிருந்து வலமாக வைத்துக்கொண்டு போவார்கள். மாட்டும்போது கடைசியில் இருந்து திரும்பி வந்தால் போதும். இவரும் இன்ஜினை அப்படித்தான் பிரித்துப் பரப்பியிருந்தார். செட் முழுக்கக் காகிதம், காகிதம் முழுக்க இரும்பு. பார்வை மங்க மங்க அந்த வரிசைதான் அவருக்குக் கண்ணாக ஆனது. சுவரோரம் குத்தவைத்து உட்கார்ந்து, கையாலேயே எண்ணிக்கொண்டு போய், வேண்டியதை எடுத்துவிடுவார். ஸ்பிரிங் எங்கே, வாஷர் எங்கே, எந்த வால்வு எந்த ஓட்டையில் இருந்து வந்தது என்பதெல்லாம் தரையில் இருந்தது. நான் அந்தப் பக்கம் விளக்குமாற்றைக்கூடக் கொண்டுபோனதில்லை.

அவருக்கு ஒத்தாசைக்கு ஆள் தேடாமல் இல்லை. கோயமுத்தூர்ப் பட்டறைகளில் எதைக் கேட்டாலும் கடைந்து கொடுப்பார்கள் என்று பேர். உண்மைதான், கொடுப்பார்கள். ஆனால் எங்கள் பக்கத்தில் யாரும் முகத்துக்கு நேரே ‘முடியாது’ என்று சொல்லமாட்டார்கள். அதுதான் வினை. “ஆகட்டுங்க” என்பார்கள். “அடுத்த வாரம் வாங்க, செஞ்சு வச்சர்றேனுங்க” என்பார்கள். காப்பி வாங்கிக் கொடுத்து, மரியாதையாக வாசல்வரை வந்து வழியனுப்புவார்கள். ஒரு வாரம் போய் இன்னொரு வாரம் வரும். மோட்டார் பம்பு வேலை குவிந்து கிடக்கையில் யாரோ ஒருவருடைய பொழுதுபோக்கு வண்டிக்கு யார் மெனக்கெடுவார்கள்? முடியாது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் வேறு இடம் பார்த்திருப்போம். அத்தனை மரியாதையான மனிதர்களிடம் கோபித்துக்கொள்ளவும் முடியவில்லை. அவருடைய கண் காத்திருக்காது என்று அவர்களிடம் சொல்லவும் முடியவில்லை.

தைப் பொங்கலுக்குச் சில நாள் முன்னால் காங்கேயத்தில் இருந்து அவருடைய அக்கா வந்தார். எனக்கு நங்கையா முறை. ஒரு நிமிஷம் சும்மா உட்காரத் தெரியாத மனுஷி. கையில் தேங்காயெண்ணெய் டின், வாயில் கேள்வி. அன்றைக்குப் பார்த்து எங்களுக்கு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியிருந்தது. ஒரு கல்யாணம் விசாரிக்கப் போகிறோம் என்று பொய் சொல்லிவிட்டுக் கிளம்பினோம்.

எங்கள் ஊரில் பொங்கலுக்கு முதல்நாள் காப்புக் கட்டுவார்கள். வேப்பிலை, ஆவாரம்பூ, பூளைப்பூ மூன்றையும் சேர்த்துக் கூரையில் செருகுவது. அதற்கு முன்னால் வீடு, மாடு அடைக்கும் தொண்டுப்பட்டி, தோட்டத்துக் குடிசையான சாளை என்று ஒரு மூலை விடாமல் சுத்தம் செய்தாக வேண்டும். குப்பையோடு காப்புக் கட்டினால் ஆகாது. தம்பி வீட்டில் இன்னும் சுத்தமாகாமல் கிடந்த ஒரே இடம் எது என்று நங்கையா சுற்றிப் பார்த்திருக்கிறார்.

நாங்கள் திரும்பியபோது செட் வாசலில் கோலம் போட்டிருந்தது. உள்ளே தரை பளபளவென்று இருந்தது, சாணம் மெழுகாத குறைதான். கார் நெற்றியில் மஞ்சளும் குங்குமமும். நடுவில் எங்கள் வீட்டுப் பெரிய அண்டா.

“ஏன் கண்ணு, பழைய இரும்புக் கடையாட்டம் கெடந்துச்சு. ஒவ்வொண்ணா மண்ணெண்ணெயில போட்டுத் தேச்சு எடுத்துப்போட்டேன். இத்தனூண்டு ஆணிகூடக் கீழ போகலை, எல்லாம் அண்டாவுல பத்தரமா இருக்குது. பேப்பரைத்தான் அடுப்புக்குப் போட்டேன்” என்றார் நங்கையா. முழங்கைவரை கறுப்பு. நகத்துக்குள் எல்லாம் கிரீஸ். அந்த வயதில் பகல் முழுக்கக் குனிந்து தேய்த்திருக்கிறார், தம்பிக்காக.

என் கணவர் சுவரோரம் போய், எப்போதும் உட்காரும் இடத்தில் குத்தவைத்து உட்கார்ந்தார். தரையைத் தடவினார். இன்னும் கொஞ்சம் எட்டித் தடவினார். பிறகு எழுந்து வந்து அண்டாவுக்குள் கையை விட்டார். மணிக்கட்டுவரை இரும்பு.

“நல்லா இருக்குதுங்க அக்கா” என்றார்.

எனக்கு நங்கையாவைப் பிடித்து உலுக்க வேண்டும்போல் இருந்தது. ஆனால் எதைச் சொல்லிச் சண்டை போடுவது? கண் விஷயத்தைச் சொல்லாமல் அந்தக் காகிதங்களின் மதிப்பைச் சொல்ல முடியாது. அதைச் சொன்னால் அந்த அம்மாள் அங்கேயே தலையில் அடித்துக்கொண்டு விழுந்திருப்பார். கை கழுவச் சுடுதண்ணீர் விளாவிக் கொடுத்தேன். அதுதான் என்னால் ஆனது.

பொங்கல் கழிந்ததும் நாங்கள் இருவரும் அண்டாவின் இரு பக்கம் உட்கார்ந்தோம். நான் ஒன்றை எடுத்து, “விரல் நீளமுங்க, ஒரு பக்கம் திருகு மரை, தலை தட்டையா இருக்குது” என்பேன். அவர் வாங்கி உருட்டிப் பார்ப்பார். சிலது தெரியும். சிலது தெரியாமல் என் முகத்துப் பக்கம் திரும்புவார். எனக்கு என்ன தெரியும்? அம்மியும் ஆட்டுக்கல்லும் தெரியும். எனக்கு எல்லா வால்வும் ஒன்றுபோலத்தான் இருந்தது. “பாரு, ஒண்ணுல தேஞ்ச தடம் இருக்கும்” என்பார். நான் வெயிலில் கொண்டுபோய்த் திருப்பித் திருப்பிப் பார்த்து, தடம் தெரியாமல் அழுதிருக்கிறேன். இருக்கிறது என்று பொய் சொல்லியும் இருக்கிறேன். மாட்டிப் பார்த்துவிட்டு மறுபடி கழற்றுவார்.

மாசி போயிற்று, பங்குனி போயிற்று. கடைசியில், எது எந்த ஓட்டையுடையது என்று தேடுவதை விட்டுவிட்டு, வால்வுகளை எல்லாம் புதிதாக உரசியே பொருத்தினார். குச்சியில் ஒட்டவைத்து உள்ளங்கைகளுக்கு நடுவே கடைவது, மோர் கடைகிற மாதிரி. அதற்குக் கண் வேண்டாம், சத்தம் மாறுவது கேட்டால் போதும் என்றார். சித்திரை வெயிலில் அவர் கடைய நான் விசிறினேன். நடுநடுவே, “கண் எப்படிங்க இருக்குது?” என்று கேட்பேன். “அப்படியேதான் இருக்குது” என்பார். டம்ளரை எட்டி எடுக்கும்போது கை ஒரு கணம் தயங்கும். நான் டம்ளரைக் கைக்கு நேராக நகர்த்தி வைப்பேன். அவர் சொன்னதை நம்புவதே எனக்கும் வசதியாக இருந்தது.

ஆடி மாதம் ஒரு மத்தியானம் வண்டி கிளம்பிவிட்டது. முதலில் இருமிற்று, புகை கக்கிற்று, பிறகு சீராக ஓட ஆரம்பித்தது. தறிக்குடோனில் இருந்த ஆட்கள் எட்டிப் பார்த்துக் கைதட்டிவிட்டுப் போனார்கள். அவர் பானட்டின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றார். அவ்வளவு சந்தோஷமாக அந்த முகத்தை நான் பார்த்து ரொம்ப நாளாகியிருந்தது. வண்டி இட்டேரியைப் பார்த்துத்தான் நின்றிருந்தது. செட்டின் தகரக் கதவு இரண்டையும் விரியத் திறந்து வைத்தேன்.

“இருங்க, சக்கரத்துக்கு வைக்க எலுமிச்சம்பழம் எடுத்துட்டு வாரேன்” என்று சமையலறைக்கு ஓடினேன்.

ஆடிக்காற்று அன்றைக்குப் பேயாக அடித்துக்கொண்டிருந்தது. நான் பழத்தோடு பக்கத்து நடை வழியாகச் செட்டுக்குள் வந்தபோது கதவு இரண்டையும் காற்று தள்ளிச் சாத்தியிருந்தது. இன்ஜின் சத்தத்தில் அது கேட்டிருக்காது. கூரையில் கண்ணாடி ஓடு பதித்திருந்ததால் உள்ளே வெளிச்சமும் அவ்வளவாகக் குறையவில்லை. அவர் ஸ்டீயரிங்கில் இரண்டு கையையும் வைத்து, கண்ணாடி வழியே நேராகப் பார்த்து உட்கார்ந்திருந்தார். வண்டியின் மூக்குக்கும் தகரத்துக்கும் இடையில் ஒரு ஆள் நிற்க இடமிருந்தால் அதிகம்.

“என்ன நின்னுட்ட? ரோடு காலியாத்தான் கெடக்குது. ஏறு, போலாம்” என்றார்.

கியர் விழும் சத்தம் கேட்டது.

“இருங்க!” என்று கத்திவிட்டேன். “பழம் வைக்கோணுமுங்க.”

குனிந்து சக்கரத்தடியில் பழத்தை வைத்தேன். அப்படியே தவழாத குறையாக முன்னால் போய், சத்தம் வராமல் கதவைத் திறக்கப் பார்த்தேன். தகரக் கதவு சிமெண்டுத் தரையில் கறகறவென்று இழுபட்டது. திறந்ததும் காற்றும் வெயிலும் உள்ளே பாய்ந்து அவர் முகத்தில் விழுந்தன.

அவர் இன்ஜினை நிறுத்தினார்.

“எப்பச் சாத்துச்சு?” என்றார்.

“இப்பத்தானுங்க. காத்துக்கு.”

“நான் போலாமுன்னு சொன்னப்ப?”

நான் ஒரு கல்லை எடுத்துக் கதவுக்கு அண்டக் கொடுத்தேன். அவர் ஸ்டீயரிங்கில் இருந்து ஒவ்வொரு கையாக எடுத்தார். கியர் கம்பியைத் தடவித் தாண்டி, மெதுவாக நகர்ந்து, பக்கத்து சீட்டில் போய் உட்கார்ந்துகொண்டார்.

“ஏறு அம்மணி” என்றார்.

வண்டி ஓட்டத் தெரியாத நான் ஸ்டீயரிங் பக்கத்துக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.