அந்த ஆறும் என் அண்ணனும்

அண்ணன் இல்லாமல் ஓராண்டு போய்விட்டது. இந்த நினைவு மலரில் அவரைப் பற்றி எழுதும்படி அண்ணி சொன்னார். எழுதுகிறேன். இடையிடையே என் பொறாமையும் தலைகாட்டும். உறவினர்கள் பொறுத்தருள வேண்டும்.

அண்ணன் பிறந்தது அரிமளத்தில். அப்பா காலமானதும் படிப்பை விட்டுவிட்டு, மீசை அரும்பும் வயதில் மரவியாபாரி ஒருவருடன் கேரளத்து நிலம்பூர்க் காட்டுக்குப் போனார். தேக்கு மரங்களைத் தெப்பமாகக் கட்டி, சாலியாற்றின் வழியே கடற்கரை வரை ஓட்டிச் செல்லும் வேலை. பச்சைத் தேக்கு மூழ்கிவிடும் என்பதால் மூங்கிலையும் சேர்த்துக் கட்டுவார்களாம். அந்த உழைப்பில்தான் நான் கல்லூரி போனேன். தங்கைக்குத் திருமணம் நடந்தது.

பொங்கலுக்கு வந்தாலும் பேச்செல்லாம் ஆறுதான். "சத்தமே போடாத ஆறுடா. காட்டுக்குள்ள அது பாட்டுக்குப் போகும்" என்பார். உடனே பீரான் கதை தொடங்கிவிடும். பீரான் அதே தெப்பத்தின் மறுமுனையில் நின்று கழி ஊன்றியவர். ஒரு மழைக்காலத்தில் தெப்பம் பாறையில் மோதி, அண்ணனின் கால் மரங்களுக்கிடையில் சிக்கிக்கொண்டது. பீரான் கட்டுகளை வெட்டி, மரம் அத்தனையையும் வெள்ளத்தோடு விட்டுவிட்டு அவரைக் கரைசேர்த்தார். இருவருக்கும் வேலை போயிற்று. வேறொரு வியாபாரியிடம் இருவரும் சேர்ந்தே வேலைக்குப் போனார்கள். "அவன்தான்டா என் தம்பி" என்று அண்ணன் சொன்னபோது நான் எதிரில்தான் உட்கார்ந்திருந்தேன்.

லாரிகள் வந்து தெப்பம் நின்றதும் ஊர் திரும்பி மரக்கடை வைத்தார். வீடு தேடி வந்த யாரையும் சாப்பிடாமல் அனுப்பியதில்லை. புற்றுநோய் முற்றிய நிலையில், அந்த ஆற்றை ஒருமுறை பார்க்க வேண்டும் என்றார். நானே காரில் அழைத்துப் போனேன். கரையில் அவரும் பீரானும் மலையாளத்தில் பேசிப் பேசிச் சிரித்தார்கள். அண்ணன் அப்படிச் சிரித்து நான் பார்த்ததேயில்லை.

"அப்படி என்ன பேசுனீங்க?" என்றேன்.

"ஒனக்குச் சொன்னா வெளங்காதுடா."

அஸ்தியைக் கோட்டைப்பட்டினம் கடலில் கரைக்கலாம் என்றேன். "வேணாம் தம்பி. அவுக அந்த ஆத்துலதான் விடச் சொன்னாக" என்றார் அண்ணி. போனோம். பீரான் தோணியோடு காத்திருந்தார். கலயத்தை அவர் கையில் கொடுக்க நேருமோ என்று நெஞ்சு எரிந்தது. அவரோ அதைத் தொடக்கூட இல்லை. "கூடப்பொறந்தது நீங்களல்லே? நீங்க விடணும்" என்றார். அதிலும் அவரே பெரிய மனிதராகிவிட்டார்.

மருத்துவமனையில் மாறி மாறித் துணையிருந்த உறவினர்களுக்கும், கடையைப் பார்த்துக்கொண்ட நண்பர்களுக்கும், தோள்கொடுத்த ஊராருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. மலரின் முதல் பிரதி பீரானுக்கே என்று அண்ணி சொல்லிவிட்டார். எனக்கு அதில் விருப்பமில்லை. அச்சாகி வந்ததும் நானேதான் கொண்டுபோகிறேன்.