சோமசுந்தரம் சேரும் நீலம் மாறாத குழாய்களும்

கடந்த வெள்ளிக்கிழமை காலை மீன் கழுவிய ஈரக் கையோடு கைபேசியை எடுத்துப் பார்த்தேன். பழைய மாணவர்களின் வட்ஸ்அப் குழுவில் ஒருவன் எழுதியிருந்தான்: "சோமசுந்தரம் சேர் மௌத்து. நாளைக்குப் பின்னேரம் உடப்பில எடுக்கிறாங்க." அதன் கீழே வரிசையாக எல்லோரும், மரணச் செய்தி கேட்டால் நாங்கள் ஓதும் "இன்னாலில்லாஹி"யைப் போட்டிருந்தார்கள். உடப்புக் கோயில் திருவிழாவில் வருடம் தவறாமல் நிற்கிற மனிதருக்கு இது போய்ச் சேருகிறதே என்று அழுகைக்கு நடுவிலும் சிரிப்பு வந்தது. அவர் பார்த்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார். ஓய்வு பெற்று வீட்டில் இருந்தவர், தூக்கத்திலேயே போய்விட்டாராம்.

அவரை அறிந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். கனமூலைப் பக்கத்து முஸ்லிம் பாடசாலை ஒன்றில் அவர் உயர்தர வகுப்புக்கு உயிரியல் படிப்பித்தார். உடப்பிலிருந்து புறப்பட்டு, பத்துளுஓயாச் சந்தியில் பஸ் மாறி, மணி அடிக்கும் முன்பே வந்து நிற்பார். நான் அந்த ஊர்க்காரி. வீட்டிலிருந்து ஐந்து நிமிட நடை. ஆனால் பிந்தி வருகிறவள் நான்தான். எனக்கு அது முதல் நியமனம், அவருடைய வகுப்பில் செய்முறைகளுக்கு உதவும் வேலையும் என்னுடையது. அவரிடம் இருந்த ஒரே கெட்ட பழக்கம் வெற்றிலை. பாடவேளை முடிந்து வெளியே வந்தால் வாய் தானாக அசையத் தொடங்கிவிடும்.

நொதியங்கள் பாடத்தை அவர் கோதுமைப் பாணோடுதான் தொடங்குவார். ஆளுக்கொரு துண்டு கொடுத்து, விழுங்காமல் சப்பச் சொல்வார். கொஞ்ச நேரத்தில் பிள்ளைகளின் முகம் மாறும், பாண் இனிக்கத் தொடங்கியிருக்கும். மாப்பொருளை உமிழ்நீரில் இருக்கும் அமைலேசு என்ற நொதியம் உடைத்துச் சீனியாக்குகிறது என்று அதற்குப் பிறகுதான் கரும்பலகையில் எழுதுவார். ஒரு நொதியத்துக்கு ஒரு வேலைதான், இதற்கு இறைச்சியைக் கொடுத்தால் திரும்பியும் பார்க்காது என்பார். வெப்பநிலையைப் பற்றி அவர் சொன்னதை இன்றும் அப்படியே சொல்லிக் கொடுக்கிறேன்: "குளிரில அது தூங்குது. சூட்டில அது சாகுது. தூங்கினத எழுப்பலாம், செத்தத எழுப்ப ஏலாது." ஐஸ் பெட்டியில் மீன் ஏன் கெடாமல் நிற்கிறது, அவித்த முட்டை ஏன் திரும்பப் பச்சையாகாது என்பதெல்லாம் அந்த மூன்று வசனத்துக்குள் அடங்கிவிடும்.

நான் சொல்ல வந்தது எட்டு வருடத்துக்கு முந்திய ஒரு நோன்பு மாதத்தைப் பற்றி. பாடசாலைக்கு விடுமுறை, ஆனால் பரீட்சை கிட்டியிருந்ததால் உயர்தரப் பிள்ளைகள் பதினெட்டுப் பேருக்கு மட்டும் காலையில் வகுப்பு நடந்தது. அமைலேசுச் செய்முறை பாக்கியாக இருந்தது. அதற்கு உமிழ்நீர் வேண்டும். பிள்ளைகளோ நோன்பு. வெயிலில் நாக்கு ஒட்டிப்போய் வருகிறவர்களிடம் வாயைக் கொப்பளித்துத் துப்பித் தாருங்கள் என்று கேட்க முடியுமா? கொப்பளித்தால் நோன்புக்குப் பாதகமா இல்லையா என்று பிள்ளைகளுக்குள் ஒரு விவாதமே நடந்தது. நானும் நோன்பு. சேர் எல்லோரையும் அமர்த்திவிட்டு ஒரு கண்ணாடிக் குவளையை எடுத்தார். "நோன்பு உங்களுக்கு, துப்பல் எனக்கு" என்றார்.

அடுத்த நாள் வகுப்பு தொடங்குமுன் பின்பக்கம் போய் வெற்றிலையைத் துப்பி, தண்ணீர் தெளிவாக வரும்வரை வாயைக் கொப்பளித்து, குவளையில் உமிழ்நீர் சேர்த்துத் தந்தார். அதே நேரம் பரீட்சை விண்ணப்பங்கள் விஷயமாகப் பாடசாலை அதிபர் கூப்பிட்டனுப்ப, செய்முறையை என்னிடம் விட்டுவிட்டுப் போனார். மாப்பொருள் கரைசலில் அயடின் விட்டோம், கருநீலம் வந்தது. உமிழ்நீரைச் சேர்த்து வெதுவெதுப்பான நீரில் குழாய்களை வைத்தோம். சில நிமிடங்களில் நீலம் மறைய வேண்டும். மறையவில்லை. கால் மணித்தியாலம் ஆகியும் ஆறு குழாய்களும் நீலமாகவே நின்றன.

மறுநாள் செய்முறைக் கொப்பிகளைப் பார்க்க ஆசிரிய ஆலோசகர் வருவதாக இருந்தது. என் நியமனம் இன்னும் உறுதிப்படுத்தப்படவில்லை. தனியாகச் செய்த முதல் செய்முறையே பிழைத்துவிட்டது என்று பெயர் வரக்கூடாது. 'நீல நிறம் படிப்படியாக மறைந்தது' என்று எழுதுங்கள் என்று பிள்ளைகளுக்குச் சொன்னேன். அவர்கள் குழாய்களைப் பார்த்தார்கள், என்னைப் பார்த்தார்கள், எழுதினார்கள். அந்தப் பார்வை இன்றைக்கும் எனக்குச் சுடுகிறது.

குழாய்களைக் கழுவி வைக்க எனக்குத் தோன்றவில்லை, அவ்வளவு பதற்றம். அடுத்த நாள் காலை நான் போனபோது சேர் ஒரு பக்கம் குழாய்களையும் மறு பக்கம் கொப்பிகளையும் வைத்துக்கொண்டு இருந்தார். கதிரையைக் காட்டினார். குரலில் கோபம் இல்லை.

"பதினெட்டுக் கொப்பியிலயும் ஒரே வசனம் டீச்சர். யாரு சொன்னது எண்டு நான் கேக்கல்ல. அந்த வரிய வெட்ட வேணாம், அப்படியே இருக்கட்டும். அதுக்குக் கீழ, கண்ணால என்னத்தக் கண்டாங்களோ அத எழுத வைப்பம்."

கொப்பிகளைத் தூக்கிக்கொண்டு அவர் பின்னால் வகுப்புக்குப் போனேன். வகுப்பில் எழுந்து உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று மனம் அடித்துக்கொண்டது. நான் வாயைத் திறப்பதற்குள் அவர் முந்திக்கொண்டார். நேற்றைய செய்முறை பிழைத்ததற்குக் காரணம் தன்னுடைய வாய்தான் என்று நினைப்பதாகச் சொன்னார். வெற்றிலையோடு சுண்ணாம்பும் பாக்கும் போடுகிறவர் அவர். சுண்ணாம்பு காரம், அமைலேசோ நடுநிலைக்குக் கிட்டத்தான் ஒழுங்காக வேலை செய்யும். பாக்கின் துவர்ப்பும் நொதியத்தைப் பிடித்து முடக்கக்கூடியது. எவ்வளவு கொப்பளித்தாலும் மிச்சம் இருந்திருக்கும். "இதில எது செய்த வேலை எண்டு எனக்குத் தெரியாது. வெத்திலைய விட்டுப் பார்ப்பம்" என்றார். வகுப்பு சிரித்தது. அந்தச் சிரிப்புக்குள் நான் ஒளிந்துகொண்டேன்.

வெற்றிலையை விட்ட அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. பென்சிலைக் கடித்தார், கொட்டாவி விட்டார், சும்மா இருந்த கதவோடு சண்டை பிடித்தார். அதிபர் சுகம் விசாரித்தபோது, தானும் நோன்புதான் என்றாராம். மூன்றாம் நாள் மீண்டும் செய்தோம். ஒரு குழாயில் அவருடைய உமிழ்நீர், இன்னொன்றில் அதையே கொதிக்க வைத்தது, மற்றொன்றில் வெறும் தண்ணீர். முதல் குழாயில் நீலம் கலங்கி, மங்கி, கடைசியில் அயடினின் மஞ்சள் மட்டும் மிஞ்சியது. மற்ற இரண்டும் அசையவில்லை. பிள்ளைகள் கைதட்டினார்கள். பெருநாள் வரும்வரை, இன்னும் இரண்டு செய்முறைகளுக்காக, அவர் வெற்றிலையைத் தொடவில்லை. பெருநாளுக்கு மறுநாள் பிள்ளைகள் அவருக்குக் கொண்டுபோன இனிப்பு வட்டிலப்பத்தோடு ஒரு கட்டு வெற்றிலையும் இருந்தது.

ஆலோசகர் ஒரு கிழமை பிந்தித்தான் வந்தார். ஒரே பக்கத்தில் மூன்று முடிவுகள் இருப்பதைக் கண்டு முதல் வரி என்ன என்று கேட்டார். செய்முறை தன் துப்பலில் நடந்தது, பிழை தன்னுடையது என்று சேர் சொன்னார். ஆலோசகர் சிரித்துக்கொண்டே கையொப்பமிட்டார். என் நியமனமும் உறுதியானது. சேர் ஓய்வு பெற்ற பிறகு எத்தனையோ தடவை தொலைபேசியில் கதைத்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் சொல்ல நினைத்து, உடம்பைப் பற்றி விசாரித்துவிட்டு வைத்துவிடுவேன்.

சனிக்கிழமை செத்தவீட்டில் அந்த வகுப்பில் படித்த ரிஃப்கா இருந்தாள். இப்போது ஆலங்குடாவில் விஞ்ஞானம் படிப்பிக்கிறாள். சேரின் மகளுக்கு அவள் இந்தக் கதையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தாள். தாங்கள் சோம்பலில் புத்தகத்தைப் பார்த்து எழுதிவிட்டதாகச் சொன்னாள். எனக்கு அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை. எல்லோர் முன்னாலும், அப்படி எழுதச் சொன்னது நான்தான் என்றேன்.

ரிஃப்கா என் கையைப் பிடித்தாள். "எங்களுக்குத் தெரியும்தானே டீச்சர். அண்டைக்கே சேரிட்டச் சொன்ன நாங்க. அவர் சொன்னார், டீச்சர் ஒரு நாளைக்கு அவவே சொல்லுவா, அதுவரைக்கும் நீங்க சொல்லாதீங்க எண்டு."

பதினெட்டுப் பேரும் எட்டு வருடம் அதைக் காப்பாற்றியிருக்கிறார்கள். சேரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது இதைத்தான்: நான் சொல்வேன் என்று அவர் என்மேல் வைத்திருந்த அந்த நம்பிக்கையை. அவர் நினைத்தது சரி, நான் சொன்னேன். ஒரு நாள் பிந்திவிட்டது.