பூ மூடிய பிறகு

நான் ஆறாவது படித்த வருஷம் எங்கள் மஞ்சள் பூசணி பூத்துத் தள்ளியது. காய்தான் நிற்கவில்லை. ஆந்திர எல்லையில், பிச்சாட்டூர் ஏரிப் பாசனத்தில் எங்களுக்கு இருந்தது ஒரே ஒரு ஏக்கர். நைனா லாரி ஓட்டப் போய்விட்டு மாதம் இரண்டு முறை தலைகாட்டுவார். நிலம், மாடு, நான் மூன்றும் அம்மாவின் பொறுப்பு.

பெண் பூவின் அடியில் கோலிக்குண்டு அளவுக்குப் பிஞ்சு இருக்கும். நாலாம் நாள் வெம்பி உதிர்ந்துவிடும். உரக்கடைக்காரர் கொடுத்த டானிக்கை இரண்டு முறை ஊற்றினோம். கொடி மட்டும் தளதளவென்று வளர்ந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் அம்மா என்னை இழுத்துக்கொண்டு போய்க் கொடிகளுக்கு நடுவில் உட்கார்ந்தாள். "எதுக்கும்மா?" என்றேன். "சும்மா பாரு" என்றாள். பூக்கள் விரிந்தன. தேனீக்கள் வந்து ஆண் பூவில் புரண்டு, உடம்பெல்லாம் மஞ்சள் பொடியோடு பெண் பூவுக்குப் போயின. ஏழு மணிக்குப் பக்கத்துக் கத்தரித் தோட்டத்தில் ஸ்பிரேயர் உறுமியது. அது பெரிநைனாவின் தோட்டம். நைனாவுக்கு அண்ணன் அவர். காற்று எங்கள் பக்கம் அடித்தது. மருந்து வாடையில் மூக்கைப் பொத்திக்கொண்டேன். கொஞ்ச நேரத்தில் பூவுக்குள் தேனீக்கள் மல்லாந்து கிடந்தன. பத்து மணி சுமாருக்குப் பூக்களும் மூடிக்கொண்டன.

அம்மா செத்த தேனீக்களோடு ஒரு பூவைப் பறித்துக்கொண்டு வரப்பைத் தாண்டினாள். நான் வரப்பிலேயே நின்றுவிட்டேன். பெரிநைனா எதிரே நின்று பேசியவர்கள் எங்கள் குடும்பத்தில் அதுவரை யாரும் கிடையாது.

"மாமா, பூ தொறந்துகினு இருக்கற நேரத்துல மருந்து அடிச்சா இதுங்க செத்துப் போவுது. எனக்குப் பிஞ்சே நிக்க மாட்டேங்குது. பூ மூடினப்புறம், சாயங்காலமா அடிங்க."

"சாயங்காலம் கரண்டு ஏதும்மா? மோட்டார் ஓடாம டேங்குக்குத் தண்ணி யாரு, நீயா தூக்கினு வருவே?"

"தூக்கினு வரேன் மாமா."

அவர் சிரித்துவிட்டார். சிரித்தவரால் மாட்டேன் என்று சொல்ல முடியாமல் போனது.

அன்று முதல் மருந்தடிக்கும் நாளெல்லாம் சாயங்காலம் ஐந்து மணிக்கு அம்மா கால்வாயிலிருந்து குடம் குடமாகத் தண்ணீர் சுமந்தாள். பள்ளிக்கூடம் விட்டு வரும் பெண்கள் பார்த்துவிட்டு, "உங்கம்மா உங்க பெரிநைனாகிட்ட கூலிக்குப் போறாங்களா?" என்று கேட்டார்கள். எனக்கு அழுகை வந்தது. நியாயம் கேட்கப் போனவளுக்கே தண்டனையா என்று அவள்மேல்தான் கோபப்பட்டேன். அவள் கண்டுகொள்ளவில்லை. வரப்பில் தானாக முளைத்த தும்பையைப் பிடுங்கக் கூடாது என்றாள். சமையலுக்குப் போட்டிருந்த கொத்தமல்லியைப் பறிக்காமல் பூக்க விட்டாள். ஓரமெல்லாம் கடுகு தூவினாள். தேனீக்கள் மெல்ல மெல்லத் திரும்பின.

பிஞ்சு நின்றது. சங்கராந்திக்கு முன்னால் டிராக்டர் நிறையப் பூசணி புத்தூர் மார்க்கெட்டுக்குப் போனது. குவியலின் உச்சியில் நான் உட்கார்ந்து போனேன். மார்க்கெட்டில் கத்தரி மூட்டையோடு நின்ற பெரிநைனா, யாரும் கேட்காமலே, "இது எங்க தம்பி பொண்டாட்டி போட்ட காய். பார்த்துக்கோ!" என்று தெலுங்கில் ஒரு முறையும் தமிழில் ஒரு முறையும் சொல்லிக்கொண்டிருந்தார். என் தலை டிராக்டரைவிட உயரத்தில் இருந்தது.

தை கடைசியில் ஒரு சாயங்காலம் அவர் எங்கள் வாசலில் வந்து நின்றார். தோளில் மருந்து டேங்க் இல்லை.

"ஏம்மா, இன்னிக்கு அடிக்கலாமா?"

அம்மா அவரோடு கத்தரித் தோட்டத்துக்குப் போனாள். செடி செடியாகக் குருத்தைத் திருப்பிப் பார்த்தாள். "புழு ஒண்ணும் பெருசா இல்ல மாமா. அடுத்த வாரம் பாத்துக்கலாம்" என்றாள்.

"சரிம்மா" என்று சொல்லிவிட்டு அவர் வீட்டுக்குப் போய்விட்டார்.

அம்மா இன்றைக்குத் தண்ணீர் சுமக்க வேண்டாம் என்ற சந்தோஷத்தில் நான் குடத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு விளையாட ஓடினேன். யார் யாரிடம் வந்து கேட்டார்கள் என்பது எனக்கு உறைக்கவே இல்லை.