புகாராவுக்குக் கோபமில்லாமல் வந்தவள்

கூவா ஊரில் குழந்தைகள் பள்ளிக்குச் சமைக்கிறவள் முயஸ்ஸர். ஐம்பது வயதைத் தாண்டியும் அவள் எங்கும் தனியாகப் போனதில்லை. கல்யாணம் என்றால் ஒரு வேன் நிறையப் பெண்கள். இழவு என்றால் அதே வேன், அதே பெண்கள். பிள்ளை பெறப் போனபோதுகூட நாத்தனார்கள் மூன்று பேரும் வண்டியில் ஏறிக்கொண்டார்கள் என்று அவளே சொல்லிச் சிரிப்பாள்.

பள்ளியின் சாப்பாட்டு அறைச் சுவரில் புகாராவின் பெரிய கோபுரத்தை யாரோ ஒரு காலத்தில் வரைந்திருந்தார்கள். வரைந்தவர் கைக்கு அது மாவு தேய்க்கும் கட்டை மாதிரி வந்திருந்தது. வருஷக்கணக்காக அதைப் பார்த்துக்கொண்டேதான் அவள் சூப் கிண்டினாள். இந்தக் கோடையில் பள்ளிக்கு வெள்ளையடிக்க ஆட்கள் வந்தார்கள். கோபுரம் சுண்ணாம்புக்குள் போயிற்று, அவளுக்கு ஒரு வாரம் லீவு கிடைத்தது. அசல் கோபுரத்தை ஒரு தடவை பார்த்துவிட வேண்டும், அதுவும் யாரும் கையைப் பிடித்து இழுக்காமல், ஒரு பகல் முழுக்கத் தன் இஷ்டத்துக்கு நடந்து பார்க்க வேண்டும் என்று தோன்றியது. கேட்டால் கணவர் எர்காஷ் குதிப்பார் என்று நினைத்தாள். அவரோ உடனே சரி என்றார். ரயில் டிக்கெட்டையும் அவரே எடுத்து வந்தார். மனுஷன் திருந்திவிட்டார் என்று அவள் சந்தோஷப்பட்டாள்.

இரவெல்லாம் ரயிலில் உட்கார்ந்து வந்து, காலையில் புகாராவில் இறங்கி, ஊர் நடுவிலிருந்த குளக்கரைக்கு வந்தாள். சாயங்காலமே திரும்பும் ரயில். பழைய முசுக்கட்டை மரத்தின் நிழலில், கல்படியில் பையை வைத்துவிட்டு ரொட்டியைப் பிய்த்து வாயில் போட்டாள். யாரும் அவளிடம் எதுவும் கேட்கவில்லை. இப்படி ஒரு சுகம் உலகத்தில் உண்டா என்று இருந்தது. அந்தச் சுகம் அரை ரொட்டி வரைதான் நீடித்தது.

பக்கத்தில் தலைத்துணி விற்றுக்கொண்டிருந்த ஷரோஃபத் என்ற பெண் எழுந்து வந்து அவள் அருகில் உட்கார்ந்தாள்.

"யாரு வீட்டுக்கு வந்திருக்கீங்க அக்கா?"

"யாரு வீட்டுக்கும் இல்லம்மா. ஊர் பாக்க வந்தேன்."

"தனியாவா?"

"தனியாத்தான்."

"வீட்டுக்காரரு?"

"வீட்ல இருக்காரு."

ஷரோஃபத் அவள் முகத்தைப் பார்த்தாள், பையைப் பார்த்தாள், மிச்ச ரொட்டியைப் பார்த்தாள். "சரி" என்றாள். அந்தச் சரியில் எல்லாம் முடிந்துவிட்டது.

எங்கள் பக்கத்தில் ஒரு பெண் பையோடு தனியாக உட்கார்ந்திருந்தால் அதற்கு ஒரே காரணம்தான். புருஷனோடு கோபித்துக்கொண்டு வந்துவிட்டாள். தாய் வீடு இருப்பவள் தாய் வீட்டுக்குப் போவாள். இல்லாதவள் குளக்கரைக்கு வருவாள். அவளைத் தேற்றி, மஹல்லா என்கிற அந்தக் குடியிருப்பின் பெரியவரை வைத்துப் பேசி, புருஷனை வரவழைத்து ஒப்படைக்கும் வரை கண்ணில் பட்டவர்களுக்கு வேறு வேலை ஓடாது.

ஒரு கிண்ணம் தேநீர் குடித்துவிட்டுப் போகலாம் என்று சொல்லி ஷரோஃபத் அவளைத் தன் வீட்டுக்கு அழைத்துப் போனாள். பையை உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டாள். கிண்ணத்தை நிறைத்துக் கொடுத்தால் விருந்தாளி எழுந்து போகலாம் என்று அர்த்தம். ஷரோஃபத் கால் கிண்ணத்துக்கு மேல் ஊற்றவே இல்லை. தேநீர் தீரத் தீர அக்கம்பக்கத்துப் பெண்கள் ஒவ்வொருவராக வந்து சேர்ந்தார்கள். ஒருத்தி முயஸ்ஸரின் முழங்காலைத் தடவிக்கொடுத்தாள். இன்னொருத்தி தன் புருஷன் செய்ததையெல்லாம் சொல்லி அழுதாள்.

முயஸ்ஸர் எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். சண்டையே இல்லை, அவர்தான் டிக்கெட் எடுத்துக் கொடுத்தார் என்றாள். பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். டிக்கெட் எடுத்துக் கொடுத்தே அனுப்பிவிட்டானா என்று ஒருத்தி முணுமுணுத்தாள். இந்த நிலையிலும் அவனை விட்டுக்கொடுக்காமல் பேசுகிறாளே என்று எல்லோரும் மெச்சினார்கள்.

கோபுரத்தைப் பார்க்க வேண்டும் என்றாள். கோபுரம் எங்கேயும் ஓடிவிடாது, முதலில் சாப்பிடுங்கள் என்றார்கள். சாப்பிட்டாள். வெயில் தாழட்டும் என்றார்கள். வெயில் தாழ்ந்தபோது மஹல்லாப் பெரியவர் நெமத் வந்துவிட்டார். பகல் போய்க்கொண்டிருந்தது. கோபுரத்தின் நிழலைக்கூட அவள் இன்னும் பார்க்கவில்லை.

அந்த நேரம் பார்த்து அவளுடைய போன் அடித்தது. எர்காஷ்தான். நல்லபடியாகப் போய்ச் சேர்ந்தாளா என்று கேட்கக் கூப்பிட்டிருக்க வேண்டும். முயஸ்ஸர் கை நீட்டுவதற்குள் நெமத் போனை எடுத்து, எல்லோருக்கும் கேட்கும்படி ஒலியைக் கூட்டி வைத்தார். கோபித்து வந்த பெண் புருஷனோடு நேரடியாகப் பேசுவது முறையில்லையாம்.

"தம்பி, உங்க சம்சாரம் எங்ககிட்ட பத்திரமா இருக்கா. எல்லாம் எங்களுக்குத் தெரியும். அதை நீங்களே உங்க வாயால சொல்லிடுங்க, அதான் மரியாதை."

எல்லாப் புருஷன்களிடமும் அவர் முதலில் சொல்வது இதுதான். எர்காஷுக்கு அது எப்படித் தெரியும்?

"அதுக்குள்ள யாரு சொன்னது அவகிட்ட?" என்றார் எர்காஷ். "பக்கத்து வீட்டு ஹோலிதாதானே? காலையிலேயே மதில் மேல எட்டிப் பாத்துக்கிட்டு நின்னா. வெட்டினது தப்புதான் பெரியவரே. ஆனா கார் உள்ள வரணுமா வேண்டாமா, நீங்களே சொல்லுங்க. வேர் அப்படியேதான் இருக்கு. மறுபடி துளுத்துடும்."

முயஸ்ஸர் கிண்ணத்தைக் கீழே வைத்தாள்.

"எதை வெட்டினீங்க?"

"ஓசோதாவோட அம்மா, நீ பக்கத்துலதான் இருக்கியா?"

"எதை வெட்டினீங்கன்னு கேட்டேன்."

"திராட்சைக் கொடிய" என்றார் எர்காஷ், குரல் இறங்கி. "பந்தலையும்தான்."

மகள் ஓசோதா பிறந்த வசந்தத்தில் முயஸ்ஸர் நட்ட கொடி அது. கோடை முழுக்க அந்த வீடு அதன் அடியில்தான் சாப்பிட்டது, தூங்கியது, சண்டை போட்டது. கார் வாங்கிய நாளிலிருந்து அவர் அதை வெட்டக் கேட்பதும் அவள் மறுப்பதுமாக இருந்தது. அவள் ரயில் ஏறிய கையோடு மனுஷன் ரம்பத்தை எடுத்துவிட்டார். காய்கள் இப்போதுதான் நிறம் மாறத் தொடங்கியிருந்தன.

அவளுக்குக் கண்ணில் நீர் முட்டியது. அதைப் பார்த்ததும் அந்த முற்றத்தில் எல்லோருக்கும் ஒரு நிம்மதி வந்தது. காலையிலிருந்து தேடிய சண்டை கடைசியில் கிடைத்துவிட்டது.

"நான் சொல்லல?" என்றாள் ஷரோஃபத். "முகத்தப் பாத்ததுமே தெரிஞ்சுதே."

நெமத் தீர்ப்புச் சொன்னார். எர்காஷ் தானே நேரில் வந்து மன்னிப்புக் கேட்டு மனைவியைக் கூட்டிப்போக வேண்டும், அதுவரை அவள் இந்த மஹல்லாவின் விருந்தாளி. சாயங்கால ரயிலில் தான் ஏறப்போவதில்லை என்று முயஸ்ஸரும் சொன்னாள். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு வாசலுக்குப் போனாள். ஷரோஃபத்தும் தன் செருப்பைத் தேடினாள். நெமத் அவளைத் தடுத்தார்.

"விடும்மா, தனியா நடக்கட்டும். உண்மையான கோவம் அது, நடந்தாத்தான் ஆறும். வழியில யாரும் பேச்சுக் குடுக்காதீங்கன்னு சொல்லி வை."

காலையில் ஊர் பார்க்க வந்தவளுக்கு இந்த ஊரில் ஓரடி எடுத்துவைக்க வழியில்லை. சாயங்காலம் கோபக்காரிக்குத் தெருவே ஒதுங்கி வழிவிட்டது. கடைக்காரர்கள் அவளைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்தினார்கள். சந்தைக் குவிமாடங்களின் அடியில் அவள் மெதுவாக நடந்தாள், நின்றாள், திரும்பி வந்து மறுபடி பார்த்தாள். யாரும் ஏன் என்று கேட்கவில்லை. மூலை திரும்பியதும் கோபுரம் நின்றது. அது மாவுக்கட்டை மாதிரி இல்லவே இல்லை. அடியில் பருத்து, மேலே போகப் போக ஒடுங்கி, செங்கல்லிலேயே நெய்த துணி போல இருந்தது. மேலே தகைவிலான் குருவிகள் சுற்றிக்கொண்டிருந்தன. எதிரே ஒரு கல்லில் உட்கார்ந்து கொடியை நினைத்துக் கொஞ்ச நேரம் அழுதாள். அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டு கோபுரத்தின் பின்பக்கம் எப்படி இருக்கிறது என்று பார்க்கப் போனாள்.

போன் அடித்தது. எர்காஷ் பதறிப்போயிருந்தார். டாஷ்கண்டுக்குக் காரில் போய், அங்கிருந்து வேக ரயிலில் ஏறினால் நாளைக் காலையிலேயே வந்துவிடலாம், ஏறட்டுமா என்று கேட்டார்.

முயஸ்ஸர் சுற்றிலும் பார்த்தாள். கோட்டை இருந்தது. இடதுபுறம் ஒரு சந்து, அதற்குள் இன்னொரு சந்து. எதற்குள்ளும் அவள் இன்னும் நுழையவில்லை.

"அவ்வளவு அவசரப்பட்டு வர வேண்டாம்" என்றாள். "எனக்கு இன்னும் கோவம் தீரல. நாளன்னைக்கு வாங்க."